பிப்பே கிராமத்தின் புளிப்பு

முதல் பாட்டிலில் பாதியைக் கைகழுவும் தொட்டியில் கொட்டினோம். இப்போது நினைத்தாலும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பிரஸ்ஸல்ஸுக்கு வேலைக்கு வந்த புதிது. அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர் ஊருக்குப் போய்விட்டு வரும்போது ஒரு பெரிய பீர் பாட்டில் கொண்டுவந்து தந்தார். முக்கால் லிட்டர். வாயில் கார்க் அடைத்து, கம்பி முறுக்கி, பார்க்க ஷாம்பெயின் போலவே இருந்தது. அன்று இரவு நானும் அறை நண்பனும் அதைத் திறந்தோம். கார்க் தெறித்தது, நுரை பொங்கி மேசையெல்லாம் வழிந்தது. ஒரு மடக்கு குடித்துவிட்டு நண்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"மச்சான், இது கெட்டுப்போச்சுடா. புளிக்குது."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வயிற்றைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று மிச்சத்தைக் கொட்டினோம்.

மறுநாள் அவர் எப்படி இருந்தது என்று கேட்டார். பொய் சொல்ல வரவில்லை. புளித்திருந்தது, பழைய பாட்டிலாக இருக்கலாம் என்றேன். அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, "உங்கள் ஊரில் புளித்தது எதையும் சாப்பிடுவதில்லையா?" என்று கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார், குத்தலாக இல்லை.

எனக்குப் பதில் வரவில்லை. அன்று காலையில்தான் தோசை சாப்பிட்டுவிட்டு வந்திருந்தேன். குளிரில் மாவு பொங்கவில்லை என்று இரவெல்லாம் ஹீட்டர் பக்கத்தில் பாத்திரத்தை வைத்து, காலையில் எழுந்து மூடியைத் திறந்து மோந்து பார்த்து, "அப்பாடா, புளிச்சிருக்கு" என்று சந்தோஷப்பட்டவன் நான். மாவில் தேடிய அதே வாசத்தைத்தான் பீரில் கெட்டுப்போனது என்று கொட்டியிருக்கிறேன்.

அதன்பிறகு இந்த விஷயம் என்னை விடவில்லை.

அவர் கொடுத்தது சேசோன் வகை பீர். சேசோன் என்றால் பிரெஞ்சில் பருவம். பெல்ஜியத்தின் தெற்குப் பாதியான வலோனியாவில், பிரான்ஸ் எல்லையை ஒட்டிக் கிடக்கிறது எனோ மாநிலம். கோதுமை, சர்க்கரைக்கிழங்கு, உருளை என்று வயலாக விரியும் பூமி. அங்குள்ள பண்ணைகளில் குளிர்காலத்தில் பீர் காய்ச்சி வைத்து, கோடையில் வயல்வேலைக்கு வருகிறவர்களுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். குளிரில் காய்ச்சியதற்குக் காரணங்கள் இருந்தன. கோடையில் காற்றில் கிருமிகள் அதிகம், வெக்கையில் நொதிப்பு கைமீறிப் போகும். குளிர்காலத்தில் வயலில் வேலை கிடையாது, பண்ணையில் நிரந்தரமாக இருக்கும் ஆட்களுக்கு ஏதாவது வேலை வேண்டும். காய்ச்சிய பிறகு மிஞ்சும் பார்லிச் சக்கை, புல் இல்லாத மாதங்களில் மாட்டுக்குத் தீவனமாகும்.

இப்படி மாசி பங்குனியில் காய்ச்சியது ஆடி ஆவணி வரை தாங்க வேண்டும். குளிர்பெட்டி கிடையாது, இருப்பது மரப்பீப்பாய்தான். மரத்தின் துவாரங்களில் எத்தனை கழுவினாலும் போகாத உயிர்கள் குடியிருக்கும். நான்கைந்து மாதம் அதில் கிடந்த பீர் புளிக்காமல் எப்படி இருக்கும்? அந்தப் புளிப்பு பீரைக் காப்பாற்றவும் செய்தது. அமிலம் ஏறிய இடத்தில் கெடுதல் செய்யும் கிருமிகள் வளர்வது கஷ்டம். ஊறுகாயும் மோரும் நிற்பது இந்தக் கணக்கில்தான். இன்றைய சேசோன் ஆறு ஆறரை சதவீதம் ஆல்கஹால் கொண்டது. அன்றைக்கு அவ்வளவு இல்லை. வெயிலில் அரிவாள் பிடிக்கிறவன் நாள் முழுக்க அவ்வப்போது குடித்துவிட்டு நிமிர்ந்து நிற்கிற அளவுக்கு லேசானது.

படித்துத் தெரிந்துகொண்டதோடு நிற்க முடியவில்லை. ஒரு மாதக் கடைசிச் சனிக்கிழமை, சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பிரஸ்ஸல்ஸிலிருந்து ஆத் வழியாகத் தூர்னே போகும் பாதையில் லெஸ் என்று ஒரு சின்ன ஊர். அதன் நகராட்சிக்குள் சில கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு கிராமங்கள், தூர்ப், பிப்பே. சேசோன் என்று இன்று உலகம் சொல்லும் பீரின் கதையில் பெரும்பகுதி இந்த இரண்டு கிராமங்களில் அடங்கிவிடும்.

தூர்ப்பில் இருப்பது துப்போன் ஆலை. 1844 முதல் அங்கே பீர் காய்ச்சுகிறார்கள். துப்போன் குடும்பத்தின் கைக்கு அது வந்தது 1920இல். மகன் லூயி விவசாயம் செய்யக் கனடாவுக்குக் கப்பலேறப் பார்க்கிறான், அவனை ஊரோடு நிறுத்த அப்பா அல்ஃப்ரெட் இந்தப் பண்ணையையும் ஆலையையும் வாங்கிக் கொடுத்தார். வெளிநாட்டுக்கு வந்து சேர்ந்த ஒரு மகன் என்ற முறையில் இந்தக் கதையை என்னால் சும்மா கடந்துபோக முடிவதில்லை. அந்த அப்பாவின் கவலையில் பிழைத்திருக்கிறது ஒரு பீர்.

துப்போன் சேசோனில் வியப்பான விஷயம் அதன் ஈஸ்ட். சாதாரண ஏல் வகை பீரை 20 டிகிரியை ஒட்டி நொதிக்க விடுவார்கள். இவர்களுடையது 30ஐத் தாண்டி 35 டிகிரி வரைக்கும் போகும். நம் ஊர்ச் சித்திரை மாதச் சூடு. வேறு ஈஸ்டாக இருந்தால் அந்தச் சூட்டில் வாயில் வைக்க முடியாத எதையோ உண்டாக்கிவிடும். இது மிளகையும் எலுமிச்சைத் தோலையும் நினைவூட்டும் வாசனைகளை உண்டாக்குகிறது. கூடவே, சாதாரண ஈஸ்ட் தொடாமல் விட்டுவிடும் பெரிய சர்க்கரைகளையும் உடைத்துச் சாப்பிட்டுத் தீர்க்கிறது. அதனால் பீரில் இனிப்பே மிஞ்சுவதில்லை. நாக்கு காய்ந்து, இன்னொரு மடக்கு கேட்கிறது. பாட்டிலில் அடைத்த பிறகும் சூடான அறையில் வாரக்கணக்கில் படுக்க வைத்து, உள்ளேயே இரண்டாம் முறை நொதிக்க விடுகிறார்கள்.

ஆனால் துப்போனில் புளிப்பு ஒரு சாயல்தான். பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவை நன்றாகப் போட்ட பீர் அது. ஹாப்ஸின் கசப்பு, பால் புளிக்கவைக்கும் லாக்டோபேசில்லஸ் இனத்தை வளரவிடாது. கசப்பும் புளிப்பும் ஒரே பாத்திரத்தில் சம உரிமையோடு இருப்பது அபூர்வம். எனக்குப் புளிப்பு வேண்டியிருந்தது. அதற்குப் பிப்பே போக வேண்டும்.

பிப்பேயில் உள்ள ஆலைக்கு நீராவி ஆலை என்றே பெயர். 1785இல் தொடங்கியது. 1984இல் மூடிவிடும் நிலையில் இருந்ததை ஒரு தம்பதி வாங்கி உயிர்கொடுத்தார்கள். 1895ஆம் வருடத்து நீராவி இயந்திரம் ஒன்றுதான் இன்றும் அங்கே எல்லாவற்றையும் சுற்றுகிறது. மாதக் கடைசிச் சனிக்கிழமை காய்ச்சும் நாள், யாரும் போய்ப் பார்க்கலாம். பெரிய சக்கரம் சுற்ற, அதிலிருந்து பட்டைகள் கூரையோரத்துத் தண்டுகளுக்குப் போக, அவை மாவுக்கூழைக் கிளறும் கைகளைத் திருப்புகின்றன. ஆவியில் அறை முழுவதும் மங்கிப் போயிருந்தது. நனைத்து வேகவைத்த பார்லியின் வாசனை எனக்குக் கேழ்வரகுக் கூழ் காய்ச்சும் அடுப்படியைக் கொண்டுவந்தது. இயந்திரத்தின் மூச்சு காலடித் தரையில் தெரிந்தது. பத்து நிமிஷத்தில் பார்த்துவிட்டு வரலாம் என்று போனவன், மதியம் வரை அங்கேயே நின்றேன்.

அவர்களுடைய சேசோனில் மசாலா உண்டு. மிளகு, இஞ்சி, ஆரஞ்சுத் தோல், அன்னாசிப்பூ. அப்புறம், மருந்துக்குப் பயன்படும் ஒரு வகை லைக்கன். லைக்கன் என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு நிமிஷம் யோசித்தேன், சட்டென்று பிடிபட்டது. கல்பாசி! பாறையிலும் மரப்பட்டையிலும் படர்வது, செட்டிநாட்டுக் குழம்புகளில் தாளிக்கும்போது போடுவது, அதுவும் லைக்கன்தான். இனம் வேறாக இருக்கலாம். ஆனால் மிளகு, இஞ்சி, அன்னாசிப்பூ, ஒரு பாசி என்று அடுக்கிப் பாருங்கள். எங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியின் பாதி, பெல்ஜியத்துப் பண்ணை ஒன்றின் பீருக்குள் இருக்கிறது. மிளகு எந்தக் கரையிலிருந்து கப்பலேறி ஐரோப்பாவுக்கு வந்தது என்று நமக்குத் தெரியும்.

அந்த சேசோனை முதன்முதலாக வாயில் வைத்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நிறம் பழைய தேன். தெளிவில்லை, லேசான கலங்கல். நுரை எழும்பி, சோப்பு நுரை போல் இல்லாமல் சுரசுரவென்று மேடுபள்ளமாக நின்றது. மோந்ததும் முதலில் வந்தது ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் தெறிக்கும் அந்த எண்ணெய் வாசம். அடுத்து நசுக்கிய மிளகு. அதற்கும் கீழே ஒரு மண்வாடை, மழை நின்ற பிறகு வைக்கோல் போரின் அடியில் வருவது போல. இங்கே பீர் குடிக்கிறவர்கள் இந்த வாசனைக்குக் குதிரை முதுகுப் போர்வை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் குதிரை வளர்த்ததில்லை. மாட்டுத்தொழுவம் தெரியும், வைக்கோல் போர் தெரியும். நனைந்த சாக்கு என்றும் சொல்லலாம். விரும்பத்தகாதது என்று நினைக்க வேண்டாம், ஊருக்குப் போய் இறங்கியதும் மூக்கில் ஏறுமே, அந்த மாதிரி.

குடித்ததும் புளிப்பு நாக்கின் இரண்டு ஓரங்களிலும் பிடித்தது. பல் கூசவில்லை, வாயில் நீர் ஊறியது. இந்த இடத்தில் தமிழ் எனக்கு மிகவும் உதவியது. புளிப்பு என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டால் இந்த பீரைப் பற்றிப் பேச முடியாது. புளியங்காயின் புளிப்பு வேறு, நெல்லிக்காயின் புளிப்பு வேறு. எலுமிச்சை சுள்ளென்று வந்து உடனே போய்விடும். நாரத்தை கசப்போடு வரும். தயிரின் புளிப்பு உருண்டையானது, வாயை மூடிக்கொள்ளும். காடி மூக்கில் ஏறும். என் கிளாஸில் இருந்தது நாள்பட்ட மோரின் புளிப்பு, அதன் மேல் ஒரு கீற்று நாரத்தை. காடி கொஞ்சமும் இல்லை. இஞ்சி தொண்டையில் இறங்கும்போது மட்டும் தெரிந்தது. கடைசியில் ஒரு துவர்ப்பு, நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடிப்பதற்கு முன்னால் இருக்கும் துவர்ப்பு.

காடி இல்லை என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தயிர்ப் புளிப்பைத் தருவது லாக்டிக் அமிலம், காடிப் புளிப்பைத் தருவது அசிட்டிக் அமிலம். அசிட்டிக் அமிலத்தை உண்டாக்கும் பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும். பீப்பாயில் காற்று புகுந்தால், கவனம் பிசகினால், அது உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். எந்தப் புளிப்பு என்று நாக்கு பிரித்துச் சொன்னால், அந்தப் பீப்பாயை எவ்வளவு அக்கறையோடு பார்த்துக்கொண்டார்கள் என்பதும் ஓரளவு தெரிந்துவிடும்.

வைக்கோல் போர் வாசனைக்கு வேறொரு ஆள் பொறுப்பு. பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட். 1904இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் கிளாசன் என்பவர் இதை அடையாளம் கண்டு எழுதினார். நாள்பட வைத்த ஆங்கிலேய பீர்களின் தனிச் சுவைக்கு எது காரணம் என்று தேடியபோது கிடைத்தது, அதனால் பெயருக்கே பிரிட்டிஷ் பூஞ்சை என்று அர்த்தம். திராட்சை மது செய்கிறவர்களில் பலர் இதைக் கண்டால் அலறுவார்கள். இது அவசரப்படாத உயிர். மற்ற ஈஸ்ட் சாப்பிட்டு முடித்துத் தூங்கப் போன பிறகு, மிச்சம் மீதியை மாதக்கணக்கில் மென்றுகொண்டிருக்கும்.

இவற்றின் மூத்த உறவுக்காரர் பிரஸ்ஸல்ஸிலேயே இருக்கிறார். அந்தெர்லெக்ட் பகுதியில் 1900இல் தொடங்கிய கான்டியோன் ஆலை. அங்கே ஈஸ்ட் போடுவதே கிடையாது. காய்ச்சிய சாறை ஆழமில்லாத செம்புத் தொட்டியில் கூரைக்கடியில் இரவு முழுக்க ஆறவிடுவார்கள், காற்றில் இருப்பது வந்து விழுந்து நொதிக்கும். குளிர்மாதங்களில் மட்டும்தான் காய்ச்சுவார்கள். சிலந்தி வலையைக் கலைக்க மாட்டார்கள், பூச்சிகளைச் சிலந்தி பார்த்துக்கொள்ளும் என்று. இப்படிக் காய்ச்சும் லாம்பிக் என்ற பீரின் புளிப்பு இன்னும் கூர்மை. அது தனி உலகம், இன்னொரு நாள் எழுதுகிறேன்.

காற்றிலிருந்து வந்து விழுந்து நொதிப்பது என்றதும் எனக்கு ஆச்சி ஞாபகம் வந்தது. எங்கள் ஊர் தூத்துக்குடிப் பக்கம், தேரிக்காட்டை ஒட்டியது. பனையேறி இறக்கிவரும் கலயத்தில் உள்பக்கம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர், தடவாவிட்டால் கள். மரத்தின் மேலேயே, பாளையிலிருந்து சொட்டும்போதே, நொதிப்பு தொடங்கிவிடுகிறது. காலையில் இனிப்பாக இருப்பது பொழுது சாய்வதற்குள் புளித்துவிடும் என்று ஆச்சி சொல்லியிருக்கிறாள். நான் வளர்ந்தபோது எங்கள் ஊரில் பதநீர் மட்டும்தான். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. கள்ளின் புளிப்பை நான் ருசித்தது பாலக்காட்டில் ஒரு கடையில், முப்பது வயதுக்கு மேல். அதனால்தான் பிப்பேயில் அந்த இயந்திரத்தின் பக்கத்தில் நின்றபோது சந்தோஷத்தோடு ஒரு ஏக்கமும் வந்தது. இங்கே ஒரு தம்பதி ஆலையை வாங்கி, இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டு, தங்கள் மண்ணின் புளிப்பைக் காப்பாற்றிவிட்டார்கள். கலயத்தைக் கழுவாமல் வைத்து அடுத்த நாள் கள்ளுக்கு உறை போல் பயன்படுத்திய கைகளுக்கும் இதே அறிவு இருந்தது. அதை எழுதிவைக்க ஆளில்லை.

சேசோன் இப்போது பெல்ஜியத்தோடு நிற்கவில்லை. 2010இல் அமெரிக்காவில், டெக்சாஸில் ஜெஸ்டர் கிங், வெர்மான்டில் ஹில் ஃபார்ம்ஸ்டெட் என்று இரண்டு பண்ணை ஆலைகள் தொடங்கி, இந்த மரபை மிகுந்த மரியாதையோடு எடுத்துக்கொண்டு போயிருக்கின்றன. ஜெஸ்டர் கிங் தன்னைச் சுற்றியுள்ள காட்டிலிருந்தே ஈஸ்டைப் பிடித்து வளர்க்கிறது. இதெல்லாம் நல்லது. எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. காய்ச்சும் கொப்பரையிலேயே பாக்டீரியாவைப் போட்டு, ஒன்றிரண்டு நாளில் புளிக்கவைத்து, பிறகு கொதிக்கவைத்து அதைக் கொன்றுவிடும் முறை. மாதக்கணக்கில் வரவேண்டியது வாரக்கடைசிக்குள் வந்துவிடுகிறது. குடித்தால் புளிக்கிறது, ஆனால் புளிப்புக்குப் பின்னால் யாரும் இல்லை. தயிரையும் சோடா உப்பையும் கலந்து உடனே ஊற்றும் தோசை பசிக்கு ஆகும், நானும் ஊற்றியிருக்கிறேன். ஆனால் இரவு முழுக்கப் புளித்த மாவின் தோசையைத் தின்றவனை அதை வைத்து ஏமாற்ற முடியாது.

பிப்பேயிலிருந்து அன்று மூன்று பாட்டில் வாங்கிவந்தேன். ஒன்றை அந்த மாதமே குடித்தேன். ஒன்றை, என்னைக் கேள்வி கேட்ட மேசைக்காரருக்குக் கொடுத்தேன். மூன்றாவதை வீட்டு நிலவறையில், உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால், வெளிச்சம் படாமல் வைத்தேன். இரண்டரை வருஷம் அங்கேயே இருந்தது.

போன மார்கழியில் அறை நண்பன் ஜெர்மனியிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தான். பிள்ளைகள் தூங்கிய பிறகு பாட்டிலை எடுத்துவந்தேன். பழைய கதையை ஞாபகப்படுத்தவில்லை. குளிர்பெட்டியிலும் வைக்கவில்லை, நிலவறையின் குளிர்ச்சி போதும், 12 டிகிரி இருக்கும். ரொம்பக் குளிர்ந்தால் இந்த பீர் வாயைத் திறக்காது, புளிப்பை மட்டும் காட்டிவிட்டு மற்றதை மறைத்துக்கொள்ளும்.

நுரை இப்போது அடங்கிப் போயிருந்தது. இஞ்சியின் காரம் போய்விட்டது. ஆரஞ்சுத் தோல் காய்ந்த நார்த்தங்காயாக மாறியிருந்தது, உப்புப் போட்டு வெயிலில் வைத்தது போல. மிளகு எங்கேயோ தூரத்தில். வைக்கோல் வாசம் கூடியிருந்தது. புளிப்பு அகலமாகி, முன்பு ஓரத்தில் பிடித்தது இப்போது வாய் முழுக்கப் பரவி மெதுவாக இறங்கியது. கடைசியில், விழுங்கி அரை நிமிஷம் கழித்து, அந்தப் பாசி வந்தது. குழம்பு கொதித்து இறக்கிய பிறகு கையில் ஒட்டியிருக்குமே, அந்த வாசம். வாங்கிய மாதமே குடித்த பாட்டிலில் எனக்கு அது தெரியவே இல்லை.

நண்பன் ஒரு மடக்கு குடித்தான். கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். மறுபடி ஒரு மடக்கு. முகம் சுளிக்கவில்லை.

"எங்க அம்மா மண்சட்டியில ஊத்தி வைப்பாங்கல்ல, நீராகாரம். சின்ன வெங்காயம் கடிச்சுக்கிட்டு குடிச்சா எப்படி இருக்கும்... அதுமாதிரி இருக்குடா."

எழுந்து போய் அடுப்படியில் தேடினேன். சின்ன வெங்காயம் இல்லை. பெரிய வெங்காயம் ஒன்று கிடந்தது. நறுக்கி, கல்லுப்பு தூவி எடுத்துவந்தேன். இரண்டு பேரும் கடித்துக்கொண்டே குடித்தோம். பாட்டிலின் அடியில் வண்டல் தங்கியிருந்தது. அதைப் பலர் கிளாஸில் ஊற்றுவதில்லை. அவன் பாட்டிலை மெல்லச் சுழற்றி, வண்டலைக் கலக்கி, கடைசிச் சொட்டுவரை இரண்டு கிளாஸிலும் சமமாக ஊற்றினான்.